குறை சொல்ல முடியாதவர்களின் வீடு

"சிஸ்டர், நல்ல ஹோம் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டு வரும் போன் பெரும்பாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் வரும். வீட்டில் யார் காதிலும் விழக் கூடாது என்று மொட்டை மாடிக்குப் போய் நின்று பேசுவார்கள். பெரும்பாலும் மகளோ மருமகளோதான். அரசு மருத்துவமனை முதியோர் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு இதுவே என் வேலையாகிவிட்டது. மறதி நோய் வந்த அப்பாவுக்கோ மாமியாருக்கோ காப்பகம் தேடும் குடும்பத்தோடு கூடப் போவேன். இடத்தைப் பார்ப்பேன். கண்ணில் பட்டதைச் சொல்வேன். முடிவு அவர்களுடையது.

போனில் கேட்பவர்களுக்கு நான் எந்த ஹோமின் பெயரையும் சொல்வதில்லை. "சாயந்திரம் நாலு மணிக்கு மேல அப்பா என்ன பண்ணுவார்?" என்றுதான் முதலில் கேட்பேன். மறதி நோய்க்காரர்கள் பலருக்குப் பொழுது சாயும் நேரம் கஷ்டமான நேரம். பதற்றம் கூடும், வீட்டுக்குப் போகணும் என்பார்கள், இருக்கும் வீட்டிலிருந்தே கிளம்பிவிடுவார்கள். அடுத்த கேள்வி, பாத்ரூம் போகணும் என்பதை எப்படிக் காட்டுவார் என்பது. அதற்கடுத்தது, கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவார் என்பது. இந்தப் பதில்கள் கிடைத்த பிறகுதான் எந்த மாதிரி இடம் வேண்டும் என்று எனக்கே தெரியும்.

ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு வலித்தால் கூப்பிடுவார். சாதாரண முதியோர் இல்லத்தில் சாம்பார் சரியில்லை என்றால் பெரியவர் மகனுக்குப் போன் போட்டு மானத்தை வாங்கிவிடுவார். மறதி நோய் முற்றியவருக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. காலையில் யாராவது கையை முறுக்கியிருந்தாலும் சாயந்திரம் வரும் மகளிடம் சொல்ல அது நினைவில் இருக்காது. அதைவிடச் சங்கடம், சாப்பிட்டு முடித்த கையோடு "எனக்குச் சோறே போடலை" என்றும் சொல்வார். ஆகவே நிஜமாகவே சோறு போடாத நாளில் அவர் சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள். குறை சொல்ல முடியாத ஓர் ஆளை, கேட்க ஆளில்லாத நேரத்தில், இந்த இடத்தில் எப்படி நடத்துகிறார்கள்? நான் பார்க்கப் போவது இந்த ஒன்றைத்தான். ஏசி, லிஃப்ட், தோட்டம் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்னும் இந்த மறதி நோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இவர்களில் பெரும்பாலானோரைப் பார்த்துக்கொள்வது வீடுதான். கேரளத்தில் 1992-இல் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பும், சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனமும் இந்த நோய்க்கென்றே சேவைகளை நடத்துகின்றன. ஆனால் டிமென்ஷியாவுக்கென்றே பயிற்சி பெற்ற ஆட்களோடு இருக்கும் தங்குமிடங்கள் குறைவு, அவையும் பெரிய நகரங்களில்தான். சாதாரண முதியோர் இல்லங்களில் பல, "தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கு மட்டும்" என்று விதி வைத்திருக்கின்றன. இதனால் சில குடும்பங்கள் நோயையே மறைத்துச் சேர்த்துவிடுகின்றன. "வயசாச்சுல்ல, கொஞ்சம் மறதி" என்று சொல்லி விட்டுவிட்டு வருவார்கள். இரண்டாம் நாள் ராத்திரியே பெரியவர் பக்கத்து அறைக்காரரின் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வார், மூன்றாம் நாள் காலையில் "கூட்டிட்டுப் போங்க" என்று போன் வரும். டாக்டர் சீட்டில் இருப்பதை இருக்கிறபடியே சொல்லுங்கள் என்பதுதான் நான் முதலில் போடும் நிபந்தனை. உண்மையைக் கேட்டு முகம் சுளிக்கும் இடம், சேர்த்த பிறகு சுளிப்பதைவிட முன்பே சுளிப்பது நல்லது.

காகிதங்களை நான் சீக்கிரம் முடித்துவிடுவேன். எந்தச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மன நோய்க்குத் தரும் விளக்கத்திலேயே நினைவாற்றலும் இடம், காலம் அறியும் திறனும் பெரிதாகக் கெடுவதும் அடங்குகிறது, ஆகவே இந்த இல்லங்களும் அதன்கீழ் வரக்கூடும். ஆனால் இந்த இல்லங்கள் பலவற்றில் முதியோர் இல்லப் பதிவோ, அறக்கட்டளைப் பதிவோதான் இருக்கும். பதிவு இல்லை என்பதற்காக மட்டும் நான் எழுந்து வந்துவிடுவதில்லை. கேள்வியைக் கேட்டதும் நடத்துகிறவர் விளக்குகிறாரா, எரிந்து விழுகிறாரா என்பதைப் பார்த்துக்கொள்வேன். நாளைக்கு அந்தக் குடும்பம் குறை சொல்லப் போனால் அதே முகம்தான் கிடைக்கும்.

பார்க்க வரச் சொல்லி இல்லங்கள் தரும் நேரம் பெரும்பாலும் காலை பதினோரு மணி. அந்த நேரத்தில் எல்லோரும் குளித்து, நெற்றியில் விபூதியோடு, டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான் அந்த நேரத்துக்கும் போவேன், மரியாதைக்கு. பிறகு சொல்லாமல் இன்னொரு முறை சாயந்திரம் நாலரைக்கு மேலோ, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலோ போய் நிற்பேன். உள்ளே விடாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவேன். வேளச்சேரிப் பக்கம் ஒரு சின்ன இல்லத்தில் பார்த்தது இது. ஓர் ஆயா, கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, பாட்டியின் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி தானும் தாழ உட்கார்ந்தாள். குழைய மசித்த ரசம் சாதம். பாதி ஸ்பூன்தான் எடுத்தாள். உதட்டில் ஸ்பூன் பட்டதும் பாட்டி வாயைத் திறந்தார், பிறகு மெல்வதை மறந்துபோய் அப்படியே இருந்தார். ஆயா அடுத்த ஸ்பூனை எடுக்கவில்லை. தொண்டையைப் பார்த்துக்கொண்டே "முழுங்கும்மா, முழுங்கு" என்றாள். தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். முடிந்ததும் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உள்பக்கம் ஒதுங்கியிருந்த பருக்கையை ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள். கட்டிலை உடனே இறக்கவில்லை. இதற்கெல்லாம் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இல்லத்தைப் பற்றி எனக்குத் தெரியவேண்டியதில் பாதி அங்கேயே தெரிந்துவிட்டது.

வேறு ஓர் இடத்தில் ஒரே பையன் நின்றபடி நாலு பேருக்கு வரிசையாக ஊட்டிக்கொண்டு போனான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்குக் கொடுத்த நேரம் அவ்வளவுதான். சாய்ந்து படுத்தவாக்கில் கஞ்சியை உள்ளே தள்ளினால் அது உணவுக்குழாயில் போவதற்குப் பதில் மூச்சுக்குழாயில் போகும், நிமோனியா வரும். டிமென்ஷியா முற்றியவர்களைக் கொண்டுபோகும் காரணங்களில் நிமோனியா முக்கியமானது. இந்த அவசரத்துக்கு வசதியாகச் சில இடங்களில், "மூக்குல டியூப் போட்டுட்டு வாங்க, சேர்த்துக்கறோம்" என்பார்கள். நோய் முற்றிய கட்டத்தில் டியூப் வழியே உணவு கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை, கையால் பொறுமையாக ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இலேயே சொல்லிவிட்டது. டியூப் யாருடைய வசதிக்கு என்று டாக்டரிடம் கேளுங்கள் என்று குடும்பத்திடம் சொல்வேன்.

பிறகு, அனுமதி கேட்டுக்கொண்டு, பேச முடியாத ஒருவரின் பக்கத்தில் போய்க் கையைப் பிடிப்பேன். நகம் வெட்டியிருக்கிறதா, மடங்கிப்போன விரல்களுக்கு நடுவே அழுக்கு சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். போர்வையைக் கொஞ்சம் விலக்கிக் குதிகாலைப் பார்ப்பேன். படுக்கைப்புண் இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்திலும் குதிகாலிலும்தான் முதலில் வரும். ஏர் பெட் போட்டிருக்கிறோம் என்று பெருமையாகக் காட்டுவார்கள். ஏர் பெட் போட்டாலும் திருப்பிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். ராத்திரி எத்தனை மணிக்குத் திருப்பினீர்கள் என்று எழுதிய நோட்டைக் கேட்பேன். எல்லா வரியும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தால் நர்ஸ் கண்ணுக்குத் தெரியாமல் போகாது.

கண்ணாடியும் பல் செட்டும் யாருடையவை என்று கேட்பேன். ஒரே கிண்ணத்தில் மூன்று பேருடைய பல் செட்டும் மிதந்ததைப் பார்த்திருக்கிறேன். காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா என்று பார்ப்பேன். பேட்டரி தீர்ந்தால் அந்த மனிதருக்கு மறதி இன்னும் ரெண்டு பங்கு கூடினதாகத்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

மதுரையிலிருந்து மகளோடு தாம்பரத்துக்கு வந்து சேர்ந்த ஒரு சௌராஷ்டிரப் பெரியவருக்கு இடம் பார்த்ததைச் சொன்னால் மற்றதெல்லாம் விளங்கும். ஜவுளிக் கடையில் ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதியவர். சாயந்திரமானால் "கடை திறக்கணும்" என்று கிளம்பிவிடுவார். தமிழ் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், நோய் முற்ற முற்றப் பிறந்த வீட்டு மொழிக்கே போய்விட்டார். மகளுக்கு ஸ்கூல் வேலை, இரவில் தூக்கம் கிடையாது. மகன் வெளிநாட்டில்.

மகன் இணையத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடத்துக்கு முதலில் போனோம். லிஃப்ட், புல்தரை, பளபளக்கும் தரை, போனிலேயே பார்க்கச் சிசிடிவி. நாலரை மணிக்கு ஹாலில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி தாடை நெஞ்சில் இறங்கியிருந்தது. "எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க சிஸ்டர்" என்றார் மகள். எனக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது. மறதி நோய்க்காரர்கள் இருக்கும் வீட்டில் சாயந்திரம் நாலரைக்கு யாராவது நடக்கணும், யாராவது கூப்பிடணும், ஒருத்தராவது சண்டை போடணும். மருந்துச் சீட்டைக் காட்டச் சொன்னேன். பெயர்களை மறைத்துவிட்டுக் காட்டினார்கள், அது சரிதான். வரிக்கு வரி குவெடியாபின், ரிஸ்பெரிடோன், லோரசெபாம் என்று ஆளை அடக்கி உட்காரவைக்கும் மாத்திரைகள்.

இந்த மாத்திரைகளே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தன்னையோ பிறரையோ அடித்துக் காயப்படுத்தும் நிலையில், கொஞ்ச காலத்துக்கு, டாக்டர் பார்த்துக்கொண்டே கொடுப்பது உண்டு. ஆனால் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குக் குவெடியாபின் வகை மருந்துகளால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே கடுமையான எச்சரிக்கை போட்டது. ஹாலில் இருக்கும் எல்லோருக்கும் அதே மாத்திரை என்றால், ஆள் பற்றாக்குறையை மாத்திரையால் சரிக்கட்டுகிறார்கள் என்றுதான் அர்த்தம். சிசிடிவியில் மகன் பார்த்தால் அப்பா ஒழுங்காக உட்கார்ந்திருப்பார். தூங்குகிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்று கேமரா சொல்லாது. பாத்ரூமில் கேமராவும் கிடையாது, இருக்கவும் கூடாது.

இரண்டாவதாகப் பார்த்தது சேலையூருக்கு உள்ளே ஒரு பழைய வீடு. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. முற்றத்தைச் சுற்றி நடக்கலாம், எங்கே கிளம்பினாலும் திரும்ப அங்கேயே வந்து சேரும்படியான நடை. ஒரு தாத்தா வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு பஸ் எப்போது வரும் என்று கத்திக்கொண்டிருந்தார். "இன்னும் வரலை தாத்தா, வர்றதுக்குள்ள ஒரு காபி குடிச்சிடலாம், வாங்க" என்று ஒரு பையன் கையைப் பிடித்து அழைத்துப் போனான். பஸ்ஸெல்லாம் வராது என்று வாதாடவில்லை. சமையல்கார அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். இவர் ரயில்வேயில் இருந்தவர், அந்தப் பாட்டி டீச்சர், இவருக்குக் காரம் ஆகாது என்று நான் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார்.

ஆனால் காரை பெயர்ந்த சுவர் நல்ல மனசுக்கு அத்தாட்சி ஆகாது. ஓட்டை வீட்டில், நாற்காலியோடு சேர்த்து ஈரிழைத் துண்டால் பெரியவர்களைக் கட்டிவைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். "விழுந்துடுவாங்கம்மா, நாங்க ரெண்டே பேரு" என்றார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. ஆள் குறைவு என்ற காரணத்துக்காகக் கட்டிப்போடக் கூடாது என்றும் தனியாக எழுதியே வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், இன்சுலின், ஆக்ஸிஜன், அடிக்கடி ஃபிட்ஸ் என்று இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் தேவைப்பட்ட ஓர் அம்மாவுக்கு லிஃப்ட் வைத்த பெரிய இடத்தைத்தான் நானே சொன்னேன். ஆளைப் பொறுத்துத்தான் இடம்.

சேலையூர் வீட்டிலும் ஒரு பெரிய குறை இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு முன்வாசல், பின்வாசல் இரண்டையும் பூட்டுவார்கள். சாவி ஒன்றுதான், அது நடத்துகிறவரின் மேஜை டிராயரில். ராத்திரி இருப்பது ஓர் ஆயாவும் ஒரு பையனும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப்போனது எங்கள் தலைமுறை நர்ஸ்களுக்கு மறக்காது. வெளியே போய்விடாமல் காப்பதும் வேண்டும், தீ என்றால் ஒரு நிமிஷத்தில் வெளியே வரவும் வேண்டும். பின்கதவுச் சாவி ராத்திரி டூட்டி ஆயாவின் இடுப்பில் இருக்க வேண்டும், பாத்ரூமில் பிடிமானக் கம்பி போட வேண்டும், வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடியை எடுத்துவிட வேண்டும் என்று மூன்று நிபந்தனை வைத்தோம். மிதியடி ஏன் என்று கேட்டார்கள். இந்த நோயில் கண் பார்ப்பதை மூளை தப்பாகப் புரிந்துகொள்ளும். கறுப்பாகக் கிடப்பது பள்ளமாகத் தெரியும், தாண்டப் பார்த்து விழுவார்கள். சொன்னதைச் செய்தார்கள். அதனால்தான் அங்கே சேர்க்கலாம் என்றேன்.

பணத்தைப் பற்றிப் பேச நம்மவர்களுக்குக் கூச்சம். மாதக் கட்டணத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். டயபர், மருந்து, டாக்டர் வருகை, பிசியோ, ஏர் பெட் வாடகை, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்கும் ஆளுக்கான சம்பளம் எல்லாம் தனியா, உள்ளடக்கமா என்று எழுதி வாங்கச் சொல்வேன். அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும், ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கும் மாதத்துக்குக் கட்டணம் உண்டா என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். டயபரில் ஒரு நுணுக்கம் உண்டு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூமுக்கு அழைத்துப் போனால் பலருக்குப் பகலில் டயபரே தேவைப்படாது. நடக்கிற ஆளுக்குச் சேர்ந்த அன்றே டயபர் மாட்டும் இடம், அழைத்துப் போக ஆளில்லாத இடம்.

கேட்கத் தயங்கும் கடைசிக் கேள்வியையும் நானே கேட்டுவிடுவேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் எந்த ஆஸ்பத்திரி, யார் முடிவெடுப்பது, ஐசியூ வேண்டுமா வேண்டாமா? இறந்துபோனால் டாக்டர் சான்றிதழ் யார் தருவது, மகன் பிளைட் பிடித்து வரும்வரை ஃப்ரீசர் பெட்டிக்கு ஏற்பாடு உண்டா? அண்ணன் தங்கைக்குள் இதையெல்லாம் முன்கூட்டியே பேசி வைக்காத குடும்பங்கள், அந்த ராத்திரியில் போனிலேயே சண்டை போட்டுக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன்.

"ஊர்ல என்ன பேசுவாங்க" என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்வதில்லை. தூக்கமில்லாமல் மாமியாரைத் தூக்கித் தூக்கி முதுகு போன மருமகளைப் பார்த்து ஊர் ஒரு ராத்திரிகூட மாற்றிவிட வரவில்லை.

சௌராஷ்டிரப் பெரியவரைச் சேர்க்கும்போது மகளை ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். அப்பா எதற்குச் சிரிப்பார், குளிக்க எந்தச் சோப்பு, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார். கூடவே தண்ணீர், பசி, வலி, மூத்திரம், பயமாயிருக்கு போன்றவற்றுக்கு அவர் மொழியில் என்ன சொல்வார் என்று தமிழெழுத்தில் ஒரு பட்டியல். அதைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார்கள். சாயந்திரம் கடை திறக்கும் நேரத்தில், தாத்தாவைக் காபிக்கு அழைத்துப் போன அந்தப் பையன், துவைத்த துண்டுகளையும் லுங்கிகளையும் கொண்டுவந்து அவர் முன்னால் போடுவான். ஜவுளிக் கடை மடிப்பு மாறாமல், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் நீவி அடுக்குவார். மாத்திரை கூட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று அந்தக் குடும்பத்தை நான் விடவில்லை, யாரையும் விடுவதில்லை. ஒரே கிழமை, ஒரே நேரத்தில் போகாதீர்கள். போகும்போது பக்கத்துக் கட்டில்காரரிடமும் நாலு வார்த்தை பேசுங்கள். ராத்திரி டூட்டி ஆயாவின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். கை வைத்தார்கள் என்று சந்தேகம் வந்தால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால் காரணம் தெரிந்தாக வேண்டும்.

சில மாதம் கழித்து அந்தப் பெரியவருக்கு எடை அப்படித்தான் குறைந்தது. ஐம்பத்தெட்டில் இருந்தவர் ஐம்பத்தைந்துக்கு வந்துவிட்டார். "இப்பல்லாம் சாப்பாடு வேண்டாங்கறாரு, நோய் முத்துது போல" என்றார்கள். மகள் நோட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். போய் வாயைத் திறந்து பார்த்தோம். பல் செட் தளர்ந்து, கீழ் ஈறில் உரசி உரசிப் புண்ணாகியிருந்தது. பட்டியலில் இருந்த வலிக்கான சொல்லை அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லும் கட்டத்தைத் தாண்டியிருந்தார். பல் டாக்டர் செட்டைச் சரிசெய்தார், பத்துப் பதினைந்து நாள் கூழும் பருப்பு மசியலுமாகக் கொடுத்தார்கள், அடுத்த முதல் தேதி எடை ஏறியது. நோய் அதன் பாட்டுக்கு முற்றத்தான் செய்தது. அதற்கு எந்த ஹோமும் மருந்தில்லை. ஆனால் அவர் வாயிலிருந்த புண் நோய் இல்லை. நோயின் கணக்கில் எழுதி மூடிவிடக் கூடிய இந்த மாதிரிக் குறைகளைப் பிரித்தெடுக்க, இல்லத்தில் ஒரு நல்ல ஆயா போதாது. வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும் ஓர் ஆளும் வேண்டும். ஹோம் பார்க்கக் கூட வருவேன், ஆனால் அந்த ஆள் உங்கள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று, போன் செய்பவர்களிடம் இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.